அப்பத்தா முதுகில் ஒரு பேனாக் குறி

விராலிமலையில் எங்கள் தெருவுக்கு அலாரம் தேவையில்லை. முருகன் கோயில் மலையிலிருந்து இறங்கி வரும் மயில்கள், விடியும் முன்பே ஓட்டு மேல் நின்று கத்த ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தத்துக்கு எழுந்து வாசல் தெளிப்பது எங்கள் அப்பத்தாவின் பல வருட வழக்கம்.

சென்ற ஐப்பசியில், தீபாவளி லீவுக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது, மயில் கத்தி ஓய்ந்த பிறகும் அப்பத்தா எழவில்லை.

அதற்கு முன் இரண்டு வாரமாகவே காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது. தலை வலிக்கிறது என்றிருக்கிறார். சோறு இறங்கவில்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சல் இறங்கும், மறுநாள் மறுபடியும் ஏறும். 78 வயதில் இதெல்லாம் வருவதுதானே என்று வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் போய் இறங்கிய அன்று, என்னை அத்தையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "மாட்ட அவுத்து விட்டாச்சா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் மாட்டை விற்றுப் பத்து வருடமாகிறது.

"வயசாச்சுல்ல... புத்தி தடுமாறத்தான் செய்யும்" என்றார் பெரியப்பா. அத்தை மலைக்குப் போய் விபூதி வாங்கி வந்து பூசிவிட்டார். மறுநாள் அப்பத்தா இரண்டு முறை வாந்தி எடுத்தார். அதற்கடுத்த நாள் காலையில்தான் எழுப்பினாலும் எழாமல் கிடந்தார்.

108-க்கு போன் செய்தோம். உள்ளூரில் பார்த்த டாக்டர், "இங்க வெச்சுப் பாக்க முடியாது, திருச்சிக்குக் கொண்டு போயிடுங்க" என்றார். நான்கு வழிச்சாலையில் சுமார் 30 கிலோமீட்டர். வழியெல்லாம் அப்பத்தா எதையோ முனகிக்கொண்டே வந்தார்.

போன வாரம் இந்தப் பகுதியில் சர்க்கரை நோயாளிகளின் கால் பராமரிப்பு பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் எங்கள் வீட்டுக் கதை. எழுதலாமா வேண்டாமா என்று எட்டு மாதம் யோசித்தேன். அன்று இரவு எங்கள் வீட்டில் நடந்த சண்டை இன்னும் பல வீடுகளில் நடக்கும் என்பதால் எழுதுகிறேன்.

"முதுகுல ஊசியா? வேணாங்க டாக்டர்!"

எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. எமர்ஜென்சி வார்டில் ரத்தம் எடுத்தார்கள். டிரிப்ஸ் ஏறியது. தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ஆன்டிபயாட்டிக் ஊசியும் உடனே ஆரம்பித்துவிட்டார்கள். இரவு பதினொரு மணிவாக்கில் ஓர் இளம் டாக்டர் வெளியே வந்தார்.

"பாட்டிக்கு மூளைக்காய்ச்சலா இருக்கலாம்னு சந்தேகப்படுறோம். முதுகுல இருந்து கொஞ்சம் தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணணும். ஒரு கையெழுத்து போடுங்க."

பெரியப்பா பேனாவை வாங்கவே இல்லை. "முதுகுல ஊசியா? வேணாங்க டாக்டர். போன மாசம் வரைக்கும் கடலைக் காட்டுல களை எடுத்த மனுஷி. கால் விளங்காமப் போயிட்டா யாரு பாக்குறது?"

அத்தையும் சேர்ந்துகொண்டார். "சிசேரியனுக்கு முதுகுல போட்டாங்களே, அதுல இருந்துதான் எனக்கு இடுப்பு வலி. தண்டுவடத்துத் தண்ணியையே உறிஞ்சிட்டா அப்புறம் உடம்புல என்ன இருக்கும்?"

அப்பா எதுவும் பேசவில்லை. டாக்டர், "யோசிச்சு சீக்கிரம் சொல்லுங்க, நேரமில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் ஓடினார். பாவம், அன்று இரவு அந்த வார்டில் அவர் ஒருவருக்கு எத்தனையோ பேர்.

நான் வராந்தாவில் உட்கார்ந்து போனில் தேட ஆரம்பித்தேன். பிறகு சென்னை வந்தும் படித்தேன், டாக்டர்களிடம் கேட்டேன். அன்று அரைகுறையாகச் சொன்னதை இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன்.

அந்தத் தண்ணீர் எதற்கு?

நம் மூளையும் தண்டுவடமும் ஒரு நீரில் மிதக்கின்றன. பெரியவர்களின் உடலில் அந்த நீர் சுமார் 150 மில்லி இருக்கும். இது தேங்கிக் கிடக்கும் நீரல்ல, ஊற்று மாதிரி. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 மில்லி புதிதாக ஊறி, பழையது ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது. டெஸ்ட்டுக்கு எடுப்பது 10 மில்லி அளவுதான், அதாவது இரண்டு டீஸ்பூன். அரை மணி நேரத்தில் உடம்பு அதை மறுபடியும் ஊறவைத்துவிடும். அத்தை பயந்ததுபோல எதுவும் வற்றிப்போவதில்லை.

அடுத்து, கால் விளங்காமல் போகும் என்ற பயம். தண்டுவடம் முதுகின் அடிவரை போவதில்லை. பெரியவர்களுக்குப் பொதுவாக இடுப்புப் பகுதியின் முதல், இரண்டாம் முள்ளெலும்பு அருகிலேயே அது முடிந்துவிடும். ஊசி போடுவது அதற்கும் கீழே, மூன்று-நான்கு அல்லது நான்கு-ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே. அங்கே நீரும், அதில் நூல் நூலாக மிதக்கும் நரம்புகளும்தான். ஊசி வரும்போது அந்த நூல்கள் பெரும்பாலும் விலகிக்கொடுத்துவிடும். முறையாகச் செய்தால் கால் செயலிழப்பது மிக மிக அரிது.

சரி, ரத்தப் பரிசோதனையும் சி.டி. ஸ்கேனும் போதாதா? போதாது. மூளையைச் சுற்றியுள்ள உறையில் கிருமி புகுந்திருந்தால், அது பாக்டீரியாவா, வைரஸா, காசநோயா என்று நம்பிச் சொல்ல அந்த நீர் வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. தப்பான மருந்தில் போகும் ஒவ்வொரு நாளும் மூளைக்குச் சேதம்.

வயதானவர்கள் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். காய்ச்சல், கழுத்து விறைப்பு, நினைவுத் தடுமாற்றம் மூன்றும் சேர்ந்து வந்தால் மூளைக்காய்ச்சல் என்று சந்தேகிக்கச் சொல்வார்கள். ஆனால், நெதர்லாந்தில் பாக்டீரியா மூளைக்காய்ச்சல் வந்த பெரியவர்களை வைத்து 2004-ல் வெளியான பெரிய ஆய்வில், மூன்றும் சேர்ந்து இருந்தது 44 சதவிகிதம் பேருக்குத்தான். வயதானவர்களுக்குக் கழுத்தெலும்புத் தேய்மானத்தால் கழுத்து ஏற்கெனவே விறைத்திருக்கும். அதனால் அந்த அடையாளத்தை வைத்தும் உறுதியாகச் சொல்ல முடியாது. பல பேருக்கு முதலில் தெரிவது 'மாட்ட அவுத்தாச்சா' மாதிரியான பேச்சு மட்டும்தான்.

இதையெல்லாம் போனில் படித்து, பெரியப்பாவிடம் நான் சொன்னது ஒன்றுதான். "பெரியப்பா, என்ன நோய்னே தெரியாம எந்த மருந்தைக் கொடுக்கறது?" அவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

மூன்று முறை குத்தியும் வரவில்லை

அப்பத்தாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். கருவில் குழந்தை சுருண்டிருப்பது போல. அப்படி வளைத்தால்தான் முதுகெலும்புகளுக்கு நடுவே இடைவெளி விரியும்.

அப்பத்தாவால் வளைய முடியவில்லை. வளைந்த முதுகுதான், ஆனால் அது நாற்று நட்டும் களை எடுத்தும் கூன் விழுந்து இறுகிப்போன முதுகு. நானும் நர்ஸ் அக்காவும் பிடித்துக்கொண்டோம்.

டாக்டர் இருபுறமும் இடுப்பெலும்பின் மேட்டைத் தொட்டுப் பார்த்தார். அந்த இரண்டு மேடுகளையும் இணைத்து மனதுக்குள் ஒரு கோடு போட்டால், அது நான்காவது இடுப்பு முள்ளெலும்புப் பக்கம் வந்து சேரும். நூறு வருடத்துக்கும் மேலாக உலகம் முழுக்க டாக்டர்கள் நம்பியிருக்கும் அடையாளம் இதுதான். ஜெர்மனியில் ஹைன்ரிஹ் குவின்கே என்ற டாக்டர் 1891-ல் இந்த முறையை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அன்று முதல் இது விரலால் தொட்டு, அனுபவத்தால் குத்தும் வேலை.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். பிறகு நீண்ட ஊசி. எலும்பில் இடித்தது. வெளியே இழுத்துக் கொஞ்சம் கோணம் மாற்றினார். மறுபடியும் எலும்பு. மூன்றாவது முறை ரத்தம் மட்டும் எட்டிப் பார்த்தது. அப்பத்தா அரை மயக்கத்திலும் என் கையை இறுக்கிப் பிடித்தார். "விட்டுருங்கய்யா" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

டாக்டரின் நெற்றியில் வியர்வை. அவர் மீது எனக்குக் கோபம் வந்தது. இப்போது இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

வயதான முதுகு ஒரு பழைய பூட்டு மாதிரி. எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு தேய்ந்து இடைவெளி குறுகியிருக்கும். ஓரங்களில் எலும்பு முள் வளர்ந்திருக்கும். எலும்புகளை இணைக்கும் தசைநார் சுண்ணாம்பு ஏறிக் கெட்டிப்பட்டிருக்கும். முதுகெலும்பு பக்கவாட்டில் கோணியிருந்தால், வெளியே தெரியும் நடுக்கோடு ஒன்று, உள்ளே இருக்கும் நடுக்கோடு வேறொன்று. உடல் பருமன் இருந்தால் எலும்பே கைக்குத் தட்டுப்படாது. காய்ச்சலில் பிதற்றும் நோயாளி அசையாமல் படுப்பதும் இல்லை.

நல்ல முதுகிலேயே விரல் ஏமாற்றும். 2000-ம் ஆண்டில் 'அனஸ்தீசியா' என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. முதுகில் ஊசி போடுவதையே தினசரி வேலையாகச் செய்யும் மயக்க மருந்து நிபுணர்களிடம், முதுகில் குறித்திருந்த இடம் எந்த இடைவெளி என்று தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். பிறகு எம்.ஆர்.ஐ-யில் சரிபார்த்தார்கள். 200 முறையில் சரியாக இருந்தது 29 சதவிகிதம்தான். பாதிக்கு மேல், அவர்கள் நினைத்ததைவிட ஓர் எலும்பு மேலே இருந்தது. அதிகபட்சமாக நான்கு எலும்பு வரை வித்தியாசம் வந்தது. தினமும் செய்பவர்களுக்கே இந்த நிலை என்றால், நள்ளிரவில் எமர்ஜென்சியில் நின்ற அந்த இளைஞரை நான் எப்படிக் குறை சொல்வது?

அவர் செய்த ஒரு நல்ல காரியம், நான்காவது முறை குத்தாமல் நிறுத்தியது.

கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் அதே மெஷின்

அரை மணி நேரத்தில் மயக்க மருந்து டாக்டரம்மா ஒருவர் வந்தார். பின்னாலேயே ஆபரேஷன் தியேட்டரிலிருந்து சக்கரம் வைத்த ஒரு ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

பெரியப்பா கதவோரம் நின்று, "இது புள்ளத்தாச்சிக்குப் பாக்குற மெஷின்ல?" என்று கிசுகிசுத்தார். அதேதான். வயிற்றில் வைக்கும் அதே வளைந்த கருவியை அப்பத்தாவின் முதுகில் வைத்தார்கள். ஜெல் குளிர்ந்ததும் அப்பத்தா சிலிர்த்துக்கொண்டார்.

இது வேலை செய்யும் விதம் எளிது. நம் காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு கிடையாது. எலும்பில் ஒலி முட்டித் திரும்பிவிடுவதால், எலும்பு இருக்கும் இடம் ஒரு வெள்ளைக் கோடாகவும் அதற்குப் பின்னால் கறுப்பு நிழலாகவும் தெரியும். இரண்டு எலும்புகளுக்கு நடுவே சந்து இருந்தால், நிழல் இல்லாமல் ஒலி உள்ளே போகும். அந்தச் சந்துதான் டாக்டருக்கு வேண்டிய ஜன்னல்.

டாக்டரம்மா முதலில் கருவியை நீளவாக்கில் வைத்தார். திரையில் ரம்பப் பல் மாதிரி வரிசையாக வெள்ளை மேடுகள் வந்தன. கீழே இடுப்படி எலும்பு ஒரு நீண்ட கோடாகத் தெரிந்தது. அங்கிருந்து மேலே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். எந்த இடைவெளி என்பதில் இனி ஊகம் இல்லை. பிறகு கருவியைக் குறுக்காகத் திருப்பி நடுக்கோட்டைத் தேடினார்.

"இங்க பாருங்க, பாட்டிக்கு முதுகு ஒரு பக்கமா கோணியிருக்கு. நீங்க நடுன்னு நினைச்சது நடு இல்ல" என்று இளம் டாக்டரிடம் காட்டினார். விரலால் பார்த்த இடத்துக்கும் உண்மையான நடுவுக்கும் ஒரு விரற்கடை வித்தியாசம். "ஆழம் நாலரை சென்டிமீட்டர். ஊசியைக் கொஞ்சம் தலைப்பக்கமா சாய்க்கணும்."

கருவியின் பக்கங்களில் பேனாவால் நான்கு சிறு கோடுகள் போட்டார். ஜெல்லைத் துடைத்துவிட்டு அவற்றை இணைத்தார். முதுகில் ஒரு பெருக்கல் குறி விழுந்தது. "இனிமே பாட்டிய அசைய விடாதீங்க. அசைஞ்சா குறி போட்டதுக்கு அர்த்தமில்ல" என்றார். தோல் நகர்ந்தால் குறியும் நகர்ந்துவிடுமாம். நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

மறுபடியும் சுத்தம் செய்து, அந்தக் குறியில் ஊசி. ஒரே தடவை. சொட்டு... சொட்டு... என்று நீர் விழ ஆரம்பித்தது. ஸ்கேன் பார்த்துக் குறி போட்டது ஐந்து நிமிடம்கூட இருக்காது.

சின்னச் சின்னக் குப்பிகளில் பிடித்தார்கள். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. "தண்ணி சுத்தமாத்தானே இருக்கு? ஒண்ணுமில்லன்னு அர்த்தமா?" என்றார் பெரியப்பா. "பாக்கத் தெளிவா இருக்கறத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்கய்யா. லேப்தான் சொல்லணும்" என்றார் டாக்டரம்மா.

தெளிந்த நீரில் இருந்த காசநோய்

லேப் சொன்னது. நீரில் சர்க்கரை குறைவு, புரதம் அதிகம், வெள்ளை அணுக்கள் அதிகம். காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் 'சிபிநாட்' பரிசோதனையும் செய்தார்கள். மெஷினில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் முடிவு தரும் டெஸ்ட் அது. காசநோய் உறுதியானது. அப்பத்தாவுக்கு இருமல் இல்லை, சளி இல்லை. கிருமி மூளையின் உறையில் போய் உட்கார்ந்திருந்தது.

முந்தின நாள் ஆரம்பித்த ஆன்டிபயாட்டிக் இதற்குப் போதாது. அந்த நீர் கிடைக்காமல் போயிருந்தால் இரண்டு, மூன்று நாள் 'பார்ப்போம், பார்ப்போம்' என்று போயிருக்கும். காசநோய் மூளைக்காய்ச்சலில் அந்த இரண்டு, மூன்று நாள்தான் ஒருவர் பிழைப்பதையும், பிழைத்தால் எப்படிப் பிழைப்பார் என்பதையும் மாற்றக்கூடியது. அன்றே காசநோய் மருந்தும் ஸ்டீராய்டும் ஆரம்பித்தார்கள்.

"டி.பி-ன்னு வெளிய சொல்லாதீங்க, சொந்தக்காரங்க வாசப்படி ஏற மாட்டாங்க" என்றார் அத்தை. நுரையீரலில் இல்லாமல் மூளை உறையில் மட்டும் இருக்கும் காசநோய் மூச்சுக்காற்றில் பரவாது. இருந்தாலும் வீட்டில் இருந்த எல்லோரையும் பரிசோதித்தார்கள், அது நல்லதுதான். காசநோய்க்காரர்களை வீட்டிலேயே வைத்து மாத்திரையால் குணப்படுத்தலாம் என்று உலகுக்கு நிரூபித்ததே நம் சென்னைதான். 1956-ல் தொடங்கிய சென்னை காசநோய் ஆய்வு மையம் 1959-ல் வெளியிட்ட முடிவு அது. இதைச் சொன்னபோது அத்தை நம்பவில்லை. அப்பத்தா மாத்திரை சாப்பிட்டுத் தேறியதைப் பார்த்து நம்பினார்.

ஸ்கேன் உண்மையிலேயே உதவுகிறதா?

எங்கள் வீட்டில் நடந்தது ஒரு கதை. ஒரு கதையை வைத்து மருத்துவத்தில் முடிவுக்கு வரக் கூடாது. ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

முதுகில் நீர் எடுக்க அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்தலாம் என்ற யோசனை புதிதல்ல. ரஷ்ய மருத்துவர்கள் இருவர் 1971-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். மெஷின்கள் சிறிதாகி, படுக்கையருகே வந்த பிறகுதான் இது சூடுபிடித்தது.

2013-ல் 'பி.எம்.ஜே' இதழில், 14 ஆய்வுகளில் இருந்த 1,334 பேரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். இதில் நீர் எடுத்தவர்களும், மரத்துப்போக முதுகில் குழாய் வைத்தவர்களும் அடக்கம். ஸ்கேன் பார்த்துச் செய்த 624 பேரில் 6 பேருக்குத்தான் தோல்வி. விரலால் பார்த்துச் செய்த 610 பேரில் 44 பேருக்குத் தோல்வி.

2018-ல் நீர் எடுப்பதை மட்டும் வைத்து இன்னொரு தொகுப்பு வந்தது. 12 ஆய்வுகள், 957 பேர். ஸ்கேன் பார்த்து எடுத்ததில் 90 சதவிகிதம் வெற்றி, பார்க்காமல் எடுத்ததில் 81 சதவிகிதம். ஊசி ரத்தக்குழாயில் பட்டு நீரில் ரத்தம் கலப்பது 26 சதவிகிதத்துக்கு மேல் இருந்தது, 11 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது. வலியும் குறைந்தது. ரத்தம் கலந்தால் டெஸ்ட் முடிவே குழம்பும் என்பதால் இது முக்கியம். அமெரிக்காவின் மருத்துவமனை மருத்துவர்கள் சங்கம் 2019-ல், பயிற்சி உள்ளவர்கள் ஸ்கேன் பார்த்துச் செய்யலாம் என்று பரிந்துரைத்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லா ஆய்விலும் வித்தியாசம் தெரியவில்லை. ஒல்லியான இளைஞரின் முதுகில் விரலே போதும், ஸ்கேன் பெரிதாக எதையும் கூட்டித் தராது. மெஷின் இருந்தாலும் முதுகைப் பார்க்கப் பழகாத கையில் பலனில்லை. முதுகு கடினமாக இருக்கும்போதும், முதல் முயற்சி தோற்றபோதும்தான் இது கைகொடுக்கிறது. வயதானவர்களில் பலர் இந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

பின்னே ஏன் எல்லா இடத்திலும் இல்லை?

இதற்கு நம் நாட்டுக்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது. ஸ்கேன் சென்டர் வாசலில் 'கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம்' என்ற போர்டைப் பார்த்திருப்பீர்கள். 1994-ல் வந்த அந்தச் சட்டப்படி மெஷினைப் பதிவு செய்ய வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். கையில் தூக்கிச் செல்லும் மெஷின்களுக்கு 2012-ல் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. பதிவு செய்த வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்கும், பல மருத்துவச் சேவைகளைத் தரும் நடமாடும் மருத்துவ ஊர்திகளிலும்தான் அதைப் பயன்படுத்தலாம்.

தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-லேயே தேவைப்பட்ட மாநிலம் நம்முடையது. அந்தச் சட்டம் தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், அதன் பக்க விளைவாகப் பல இடங்களில் ஸ்கேன் மெஷின் என்பது ரேடியாலஜி அறையில் பூட்டி வைக்கும் பொருளாகவே பழகிவிட்டது. எமர்ஜென்சி டாக்டரின் கையில் ஸ்டெதாஸ்கோப் மாதிரி அது இருப்பதில்லை. நம் நாட்டில் எமர்ஜென்சி மருத்துவம் தனிப் பட்டமேற்படிப்பாக அங்கீகரிக்கப்பட்டதே 2009-ல்தான். எங்களுக்கு அன்று தியேட்டரிலிருந்து மெஷின் வந்தது அதிர்ஷ்டம். சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள், பதிவு செய்த மெஷின் ஒன்றை எமர்ஜென்சியிலேயே வைத்து, டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு இரவு வந்தால்...

* நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பெரியவர் சில நாள்களில் திடீரென்று தடுமாறினால், அதை வயதின் மேல் போடாதீர்கள். கூடவே காய்ச்சல், தலைவலி, வாந்தி இருந்தால் அன்றே மருத்துவமனை.

* மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துப் போங்கள். இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், ஊசிக்கு முன்பே டாக்டருக்குத் தெரிய வேண்டும். முன்பு முதுகில் ஆபரேஷன் நடந்திருந்தாலும் சொல்லுங்கள்.

* சிலருக்கு நீர் எடுக்கக் கூடாது, சிலருக்கு சி.டி. எடுத்த பிறகே எடுக்க வேண்டும். மூளையில் அழுத்தம், ரத்தம் உறைவதில் பிரச்னை, ஊசி போடும் இடத்தில் புண் போன்றவை காரணமாக இருக்கலாம். அதை டாக்டர் முடிவு செய்யட்டும். "நீர் எடுக்கத் தாமதமானாலும் மருந்து ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று மட்டும் கேளுங்கள்.

* கூன், கோணல், பருமன் இருந்தால், அல்லது முதல் முயற்சி தோற்றால், தயங்காமல் கேளுங்கள்: "ஸ்கேன் வெச்சு இடம் பாத்து எடுக்க முடியுமாங்க டாக்டர்? மயக்க மருந்து டாக்டர் யாராவது இருக்காங்களா?" மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

* பென்சில் முனை ஊசி இருக்கிறதா என்றும் கேட்கலாம். 2018-ல் 'லான்செட்' இதழில் வந்த தொகுப்பில், சாதாரண ஊசியில் 11 சதவிகிதம் பேருக்கு வந்த தலைவலி, இந்த ஊசியில் 4.2 சதவிகிதமாகக் குறைந்திருந்தது.

* எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி, நீர் எடுத்ததால் வந்ததாக இருக்கலாம். டாக்டரிடம் சொன்னால் வைத்தியம் உண்டு. கால் மரத்துப்போதல், சிறுநீர் வராமை, கடும் முதுகுவலி என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

எட்டாவது மாதம்

அப்பத்தா மருத்துவமனையிலிருந்து மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். காசநோய் மூளைக்காய்ச்சலுக்குக் குறைந்தது 9 மாதம், பெரும்பாலும் 12 மாதம்வரை மாத்திரை உண்டு. இப்போது எட்டாவது மாதம். மாத்திரை அரசு தருகிறது. சத்துணவுக்கென்று மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் விழுகிறது. "முருகனுக்குச் சுருட்டு வாங்க ஆச்சு" என்கிறார். எங்கள் ஊர் முருகனுக்குச் சுருட்டு படைப்பது வழக்கம், தெரியுமில்லையா? முட்டை வாங்கத்தான் பணம் என்று அம்மா சண்டை போடுவார்.

பழையபடி முழுதாக ஆகிவிடவில்லை. இடது காது சரியாகக் கேட்பதில்லை. சாயங்காலமானால் சில சமயம் பெயர்கள் மாறும். களை எடுக்கப் போவதில்லை. ஆனால், என்னை என் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

மருத்துவமனையில் இரண்டாவது நாள், அப்பத்தாவுக்கு உடம்பு துடைத்துவிடும்போது முதுகில் அந்தப் பேனாக் குறி அழியாமல் இருந்தது. அத்தை ஈரத்துணியால் அழுத்தித் தேய்க்கப் போனார். பெரியப்பா தடுத்துவிட்டார்.

"இருக்கட்டும் விடு. அதுவா அழியட்டும்."

கையெழுத்துப் போட மாட்டேன் என்ற அதே பெரியப்பா. போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு தாத்தாவுக்குக் காய்ச்சலோடு பிதற்றல் என்றதும், வண்டி பிடித்துக் கொடுத்து, அவர் மகனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "முதுகுல தண்ணி எடுக்கணும்னு சொன்னா பயப்படாத தம்பி. ஸ்கேன் வெச்சு எடுப்பீங்களான்னு மட்டும் கேளு."